முண்ணாணில் டூரல் ஏ.வி. பிஸ்டுலா: ஒட்டி அடைப்பதா, முதுகைத் திறப்பதா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அப்பாவுக்கு 61 வயது, கால் விறைப்பு, நடை தளம்பல், எம்.ஆர்.ஐ.யில் டூரல் ஏ.வி. பிஸ்டுலா என்று வந்திருக்கிறது. தொடைவழியாகக் குழாய் விட்டு ஒட்டுமருந்தால் அடைக்கலாம் என்கிறார் ஒரு டொக்டர். ஒபரேஷன்தான் நல்லது என்கிறார் மற்றவர். எதற்கு ஓம் சொல்வது?

நான் டொக்டர் இல்லை. திருகோணமலை திருக்கடலூரில் இருக்கிற என் சித்தப்பாவுக்கு இதே வருத்தம் வந்தபோது வாட் வாட்டாகக் கூடப்போய் நின்றவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அஞ்சியோகிராம், அதாவது இரத்தக் குழாய்களுக்குள் மருந்தடித்து எடுக்கிற படம், எடுக்கும்வரை இந்தக் கேள்விக்கு யாரிடமும் முழுப் பதில் இருக்காது. அதை எடுக்கத் தாமதிக்கத்தான் கூடாது.

முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற நரம்புத்தண்டுதான் முண்ணாண். அதைச் சுற்றி டூரா என்கிற தடித்த உறை இருக்கிறது. நரம்புவேர் அந்த உறையைத் தாண்டி வெளியே வருகிற இடத்தில் ஒரு சிறு நாடி (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) நேரே நாளத்தோடு (இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) தொடுபட்டுவிடுகிறது. அதுதான் டூரல் ஏ.வி. பிஸ்டுலா. நடுவில் இருக்கவேண்டிய மயிர்க்குழாய்கள் இல்லாததால், நாடியின் அழுத்தம் அப்படியே நாளத்துக்குள் இறங்குகிறது. முண்ணாணிலிருந்து திரும்பவேண்டிய இரத்தத்துக்குப் போக்கிடம் இல்லை. மாரியில் கடல் ஏறி நிற்கும்போது வாய்க்கால் தண்ணீர் வடியாமல் முற்றத்துக்குள் ஏறுமே, அந்தக் கதைதான். இந்த வகையில் இரத்தம் கசிவது அரிது. தேக்கத்தால் முண்ணாண் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிறது.

பெரும்பாலும் ஐம்பது கடந்த ஆண்களுக்கு வருகிறது. சித்தப்பாவுக்கு கோணேசர் கோயில் ஏற்றத்தில் கால் கழன்றதுபோல் வரும். பிரட்றிக் கோட்டைக்குள் மான்கள் நிற்கிற இடத்தில் குந்தியிருப்பார், கொஞ்ச நேரத்தில் கால் திரும்பிவிடும். பிறகு சலம் போக முக்க வேண்டி வந்தது. நடைக்கு டிஸ்க் என்றார்கள், சலத்துக்கு புரொஸ்டேட் என்றார்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. நடுவில் ஸ்டீரொயிட் ஏற்றினார்கள், கால் இன்னும் விழுந்தது. இந்த வருத்தத்தில் ஸ்டீரொயிட் நிலைமையை மோசமாக்கலாம் என்று பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். அப்பாவுக்கு யாராவது அதை எழுதித் தந்தால், பிஸ்டுலா இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் முண்ணாண் வீங்கியிருப்பதும், பின்புறம் நாளங்கள் புள்ளி புள்ளியாகச் சுருண்டு கிடப்பதும் தெரியும். நாடியும் நாளமும் தொடுபட்ட ஓட்டை எந்த மட்டத்தில் என்பதை அதை வைத்து அறுதியாகச் சொல்ல ஏலாது. வீக்கம் கீழ்நுனியில் இருக்கும், ஓட்டை பல எலும்பு தள்ளி மேலேயோ கீழேயோ இருக்கும். அதற்குத்தான் அஞ்சியோகிராம். தொடை நாடிவழியாகக் குழாயை விட்டு, முள்ளந்தண்டுக்குப் போகிற நாடிகளை இடமும் வலமுமாக ஒவ்வொன்றாகத் தேடி மருந்தடித்துப் படம் எடுப்பார்கள். நேரம் பிடிக்கும். "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு அசையாம கிடவுங்கோ" என்று சொல்லிச் சொல்லியே மனிசனைக் களைக்க வைத்துவிட்டார்கள் என்று சித்தப்பா இப்பவும் சொல்லுவார்.

எங்கள் விஷயம் அந்தப் படத்தில்தான் முடிவானது. பிஸ்டுலாவுக்கு இரத்தம் கொடுக்கிற அதே நாடியிலிருந்து முண்ணாணின் முன்பக்க நாடியும் கிளம்பியிருந்தது. ஒட்டுமருந்து அதற்குள் போனால் இரண்டு காலும் விழுந்துவிடும். ஆகவே ஒபரேஷன்.

அப்படிக் கிளை இல்லாவிட்டால் ஒட்டுவதும் நல்ல வழிதான். முதுகு வெட்டத் தேவையில்லை, கெதியில் வீடு வரலாம், சிலவேளை அஞ்சியோகிராம் மேசையிலேயே முடிந்துவிடும். ஒரே நிபந்தனை, மருந்து ஓட்டையைத் தாண்டி நாளத்தின் தொடக்கம்வரை போக வேண்டும். நாடிக்குள்ளேயே நின்றுவிட்டால் பக்கத்துக் கிளைகள் திறந்து வருத்தம் திரும்பும். ஒபரேஷனில் எலும்பைக் கொஞ்சம் எடுத்து, உறையைத் திறந்து, அந்த ஒற்றை நாளத்தைக் கிளிப் போட்டோ கருக்கியோ துண்டிக்கிறார்கள். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் ஒரே தடவையில் அடைபடுகிறது. ஒட்டுவதில் அவ்வளவு நிச்சயம் இல்லை. சிவந்து புடைத்திருந்த நாளம் கிளிப் போட்ட கையோடு நீலமாகிவிட்டது என்று சத்திரசிகிச்சை டொக்டர் வெளியே வந்து சொன்னார். சரியான இடத்தில் வெட்டியதற்கு அதுதான் சாட்சியாம். இரண்டும் முடியும் என்று படம் சொன்னால், நான் ஒபரேஷன் பக்கம்தான் சாய்வேன்.

அவசரம் ஏன் என்றால், அமினோவ், லோக் என்ற இரு டொக்டர்கள் 1974இல் எழுதிய ஆய்வில், சிகிச்சை இல்லாத நோயாளிகளில் பாதிப் பேர் வருத்தம் தொடங்கி மூன்று வருடத்துக்குள் மோசமாக முடங்கியிருந்தார்கள். அடைத்த பிறகு பொதுவாக இறக்கம் நிற்கும், நடை பலருக்குத் தேறும், சலப்பிரச்சினைதான் கடைசிவரை இழுக்கும். சித்தப்பா இப்போது பொல்லோடு கடற்கரைவரை போய் போட் எஞ்சின் கழற்றுகிறார். சலத்துக்கு இன்னமும் தானே கதீற்றர் குழாய் போட்டுக்கொள்கிறார்.

ஊரில் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வார்க்கச் சொல்லுவார்கள், எண்ணெய் காய்ச்சி ஒத்தணம் கொடுக்கச் சொல்லுவார்கள். கன்னியாவுக்கு ஆசைக்குப் போய்வரட்டும், சூடு குறைந்த கிணறாகப் பார்த்து. ஒத்தணம் வேண்டாம். விறைத்த காலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் நீங்கள் காண்பீர்கள்.

கொழும்புக்குப் போவதென்றால் பஸ்ஸை விட ரயில் நல்லது, கழிப்பறை இருக்கிறது. ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல் எம்.ஆர்.ஐ. சீடியையும் எடுத்துப் போங்கள், நிபுணர்கள் படத்தைத்தான் கேட்பார்கள். இடையில் அப்பாவுக்குச் சலம் அடியோடு கட்டிவிட்டாலோ கால் திடீரென்று விழுந்தாலோ கிளினிக் திகதி பார்த்து இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.