எழுபது வயதில் தென்னம்பிள்ளை வைக்கலாமா?

வாசகர் கேள்வி: பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். கஜா புயலில் விழுந்த தோப்புகளில் பாதி இன்னும் நிரம்பவில்லை. பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஊரில் தங்கியிருப்பவர்களில் பெரும்பாலோர் 60-ஐத் தாண்டியவர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் சேர்ந்து 12 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறார்கள். ஊர் பழையபடி நிமிர இதை எதில் போடலாம்? இந்த வயதில் தென்னை வைப்பதில் பலன் உண்டா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். நெட்டை ரகம் காய்க்க 6 முதல் 7 ஆண்டு, நெட்டைக்குட்டை ஒட்டு ரகம் 4 முதல் 5, குட்டை ரகம் 3 முதல் 4. நெட்டை மரம் 60 ஆண்டு பலன் தரும் என்பது உண்மைதான். ஆனால் 70 வயதுக்காரருக்கு அந்த 60 ஆண்டு கணக்கில் வராது, முதல் 7 ஆண்டுதான் வரும். புயலுக்குப் பின் பல தோப்புகள் வெறுமையாகக் கிடப்பதற்குச் சோம்பலோ பணமின்மையோ மட்டும் காரணமல்ல. மரத்தின் வயதும் உடையவரின் வயதும் ஒத்துப்போகவில்லை. ஊர் நிமிரும் திட்டம் எதுவானாலும் இந்த முடிச்சை அவிழ்க்காமல் நகராது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. எக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். இந்தத் தொகை கன்று வாங்கப் போதும். அதற்குப் பின் மூன்று கோடை தண்ணீர் பாய்ச்சி, வண்டு பார்த்து, களை எடுக்க ஆள் வேண்டும். வயதானவர் தோப்பில் இல்லாதது அந்த ஆள்தான்.

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதம், 2021-க்கான மதிப்பீட்டில் 13.6, 2031-ல் 18.2 ஆகும் என்பது கணிப்பு. இது மாநிலச் சராசரி. இளைஞர்கள் வெளியேறிய ஊரில் விகிதம் இதைவிடப் பெரிதாக இருக்கும். எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ரேஷன் அட்டையையோ வாக்காளர் பட்டியலையோ நம்ப வேண்டாம். திருப்பூரில் பத்தாண்டாக இருப்பவர் பெயரும் இரண்டிலும் நிற்கும். கிராம சுகாதார செவிலியரின் குடும்பப் பதிவேட்டை உதவிக்கு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். ஒவ்வொரு தோப்புக்கும் மூன்றே கேள்வி: பட்டா யார் பெயரில், தண்ணீர் பாய்ச்சுவது யார், காய் வெட்டுவது யார். மூன்றுக்கும் ஒரே பெயர் வரும் தோப்பு பிழைத்துக்கொள்ளும். முதல் பதில் இறந்துபோன தாத்தா, இரண்டாவது 68 வயது அம்மா, மூன்றாவது 'ஆள் கிடைத்தால்' என்று வரும் தோப்புகளை எண்ணுங்கள். ஊரின் உண்மையான நோய் அந்த எண்ணிக்கையில் தெரியும்.

பட்டாவில் பெரும்பாலான ஊர்கள் சறுக்குகின்றன. இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால் பயிர்க்கடன், சொட்டுநீர் மானியம், அடுத்த புயலின் நிவாரணம் எல்லாம் இழுபறியாகும். கணவரை இழந்த பெண்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டே பெயர் மாற்றாமல் காலம் தள்ளுவது மிகச் சாதாரணம். இறப்புச் சான்று, வட்டாட்சியரின் வாரிசுச் சான்று, எல்லா வாரிசுகளின் ஆதார் நகல் ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முதலில் வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டாவாவது வாங்கிவிடுங்கள். பாகப்பிரிவினைச் சண்டை முடியட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறை போய்விடும்.

உயிரோடிருக்கும் பெரியவர்கள் விஷயம் வேறு. 'இப்போதே பிள்ளை பெயருக்கு எழுதிவிடுங்கள்' என்று அவர்களை அவசரப்படுத்தக் கூடாது. பி.எம். கிசான் தொகை 2019 பிப்ரவரி 1-ல் நிலம் யார் பெயரில் இருந்தது என்பதைப் பொறுத்தது. பிள்ளை பெயருக்குச் செட்டில்மென்ட் பத்திரம் எழுதினால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நின்றுபோகலாம். அதைவிட முக்கியம், நிலம் கையைவிட்டுப் போனால் வீட்டில் அவர்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பும் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை தமக்கே என்றும், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்றும் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-ம் பிரிவில், பராமரிப்பு மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுத்தில் இல்லாத வழக்குகளில் நீதிமன்றத்தில் இழுத்தடிப்பு நேர்ந்திருக்கிறது.

அடுத்தது குத்தகை. தமிழ்நாடு குத்தகை உழவர் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இருக்கிறது. குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது என்பதால் பெரியவர்கள் எழுத்தில் குத்தகை விடுவதில்லை. வாய்மொழியாக விட்டால் பயிரிடுபவருக்குக் கடனும் கிடைக்காது, நிவாரணமும் கிடைக்காது. அப்படிப்பட்டவர் தோப்பில் ஒரு ரூபாய்கூட முதல் போட மாட்டார், கிடைத்தவரை வெட்டிக்கொண்டு போவார்.

நாங்கள் பரிந்துரைப்பது: நிலத்தை விடாதீர்கள், வேலையை மட்டும் விடுங்கள். ஊருக்கென்று ஒரு வேலைக் குழு அமைத்து வெட்டு, வண்டுக் கட்டுப்பாடு, உரம், பாத்தி ஆகியவற்றை அது கூலிக்குச் செய்யட்டும். காய் உடையவருடையது, அடங்கல் என்னும் கிராமப் பயிர்ப் பதிவேட்டில் அவர் பெயரே நிற்கும், குத்தகை உரிமை என்ற பேச்சே எழாது.

இது நடக்குமா என்பதைக் கணக்கு சொல்லும். ஊரில் காய்க்கும் மரம் 3,000 என்று வையுங்கள். 45 நாளுக்கு ஒரு வெட்டு, ஆண்டுக்கு 8 வெட்டு. ஒருவர் நாளுக்கு 50 மரம் ஏறினால் ஒரு சுற்றுக்கு 60 ஆள்நாள். இருவர் இருந்தால் ஆளுக்கு 30 நாள். கணக்குக்காக மரத்துக்கு 25 ரூபாய் கூலி வைத்தால் ஆண்டுக்கு 6 லட்சம், ஆளுக்கு மாதம் 25,000. சொந்த வீட்டில், அம்மா சமையலில் சாப்பிட்டுக்கொண்டு இந்தக் காசு கிடைத்தால் திருப்பூரிலிருந்து இருவர் திரும்பிவர யோசிப்பார்கள். இன்று ஏன் வரவில்லை? ஒரு தோப்பில் 40 மரம், அடுத்ததில் 25, கூப்பிடுபவர் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது, கூலி காய் விற்ற பிறகு. சிதறிக் கிடக்கும் வேலையை ஒன்றாகக் கோத்தால் அதுவே முழுச் சம்பளமாகிவிடுகிறது. முதியவர்கள் நிறைந்த ஊரில் பொருளாதாரம் மீள்வது பெரும்பாலும் இப்படிக் கோத்துச் சேர்ப்பதில்தான் இருக்கிறது.

45 நாளில் மிச்சமிருக்கும் 15 நாளை வண்டுக்கு ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மரம் வழுக்கும், சுற்று தள்ளிப்போகும். அந்த இழுப்பையும் இந்த 15 நாளே தாங்க வேண்டும். ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா விபத்துக் காப்பீடு எடுக்காமல் முதல் மரம் ஏற விடாதீர்கள்.

வண்டைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மக்கிய தென்னந்தண்டிலும் எருக்குழியிலும். அகற்ற ஆளில்லாத ஒரு பாட்டியின் தோப்பில் மக்கும் தண்டுகள், சுற்றியுள்ள பத்துத் தோப்பின் இளங்கன்றுகளுக்கு வண்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். குருத்து வெட்டுப்பட்ட கன்று இரண்டு ஆண்டு பின்தங்கும், இல்லையென்றால் சாகும். இதைத் தனியார் தோப்பு என்று ஒதுக்கிவிடாமல் ஊர்ச் செலவில் செய்ய வேண்டும். மிஞ்சிய தண்டையும் அடிக்கட்டையையும் இயந்திரம் வைத்து அகற்றுவது முதல் வேலை. 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானைகளில் தோப்பில் ஆங்காங்கே வையுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி 5 ஏக்கருக்கு ஒன்று. கன்றுகளில் நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கிலும் தலா ஓர் அந்துருண்டை, 45 நாளுக்கு ஒருமுறை. வெட்டுச் சுற்றும் 45 நாள் என்பதால் ஒரே நாட்காட்டியில் இரண்டும் அடங்கும்.

இப்போது ரகம். வீட்டில் திரும்பிவரக்கூடிய பிள்ளை இருந்தால் ஒட்டு ரகம். இல்லையென்றால் வீட்டை ஒட்டிய பகுதியில் மட்டும் இளநீருக்கான குட்டை ரகம். பல ஆண்டு தரையில் நின்றே பறிக்கலாம், ஏற ஆள் வேண்டாம். குட்டை ரகத்துக்குத் தண்ணீர் தவறக் கூடாது, பூச்சியும் அதிகம் தேடிவரும், கொப்பரை தேறாது. ஊர் முழுக்க வைத்துவிட்டு இளநீர் வண்டி வராமல் போனால் நட்டம் பெரிது. நெட்டை மரத்தைப் பேரனுக்கென்று வைப்பவர்களைத் தடுக்க வேண்டாம், அந்தச் செலவை அவர்கள் தாங்க முடிந்தால். எந்த ரகமானாலும் 25 அடி இடைவெளி, 3 அடிக்கு 3 அடிக்கு 3 அடி குழி. காய்க்கும்வரை வருமானத்துக்கு உளுந்து, நிலக்கடலை, வாழை ஊடுபயிர் செய்யலாம். மரத்துக்கு 7 வயதிலிருந்து 20 வயதுவரை நிழல் அடர்ந்துவிடும். அப்போது தீவனப்புல்தான் சரி, அதோடு இரண்டு மாடு இருந்தால் மாதா மாதம் காசு. நெல்லும் கரும்பும் தென்னைக்குள் வேண்டாம்.

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. வட்டாட்சியரின் சிறு விவசாயிச் சான்று வேண்டும், அதற்குப் பட்டா வேண்டும். மும்முனை மின்சாரம் நடு இரவில் வந்தால் மோட்டார் போட 70 வயதுக்காரர் பாம்பும் சேறுமாக நடக்க வேண்டியிருக்கிறது. செல்போனில் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டருக்கு ஊர்ப் பணத்தில் உதவலாம். இது வசதி என்று தோன்றும், ஆனால் விழுந்து இடுப்பு முறிந்த ஒருவரால் ஒரு தோப்பு முடங்குகிறது.

12 லட்சத்தில் முதல் தொகை கூலிச் சுழல்நிதிக்கு. ஒரு சுற்றுக் கூலி 75,000 ரூபாய். இரண்டு சுற்றுக்கு 1.5 லட்சம் ஒதுக்கினால் ஏறுபவருக்கு வாரக் கடைசியில் காசு கிடைக்கும், உடையவர் காய் விற்றபின் கட்டுவார். மரக் காப்பீட்டை ஊரே கட்டலாம். தென்னை மரக் காப்பீட்டுத் திட்டத்தில் 16 முதல் 60 வயது மரத்துக்குப் பிரீமியம் 14 ரூபாய், இழப்பீடு 1,750. 15 வயதுக்குட்பட்ட மரத்துக்கு 9 ரூபாய், இழப்பீடு 900. விவசாயி பங்கு கால்வாசி மட்டுமே. 3,000 மரத்துக்கும் பெரிய விகிதத்தில் கணக்கிட்டாலும் 10,500 ரூபாய். நடப்பு விகிதத்தை வேளாண்மை அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நெட்டை மரத்தை 7 வயதிலிருந்தும், குட்டையையும் ஒட்டையும் 4 வயதிலிருந்தும் சேர்க்கலாம். 2019-ல் வைத்த நெட்டைக் கன்றுகளுக்கு 2026-லிருந்து பொருந்தும். 3 லட்சத்தையாவது அடுத்த புயலுக்கென்று தொடாமல் வையுங்கள்.

முதியோர் உதவித்தொகையை மறந்துவிடாதீர்கள். 80 பேர் மாதம் 1,200 வாங்கினால் ஆண்டுக்கு 11.52 லட்சம், நீங்கள் திரட்டிய நிதிக்குக் கிட்டத்தட்டச் சமம், மழை பொய்த்தாலும் வரும் பணம். ஊர்க் கடை மூடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ரேகை தேய்ந்த கையால் விரல் பதியாமல், வங்கிக்குப் பேருந்தேறிப் பட்டுக்கோட்டையிலேயே செலவழித்துவிட்டு வருகிறார்கள். அஞ்சல்காரர் மூலம் வீட்டு வாசலில் எடுக்க முடியும். விரல் பதியாதவர்களுக்கு முகம் அல்லது கண் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கட்டடம் கட்டும் யோசனை வந்தால் தள்ளிப்போடுங்கள். ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பின் ரிகுசென்தகாட்டா நகரில் மலையை வெட்டிக் கடற்கரை நிலத்தைப் பல மீட்டர் உயர்த்தினார்கள். வேலை முடிய ஆண்டுக்கணக்கானது. காத்திருக்க வயது இல்லாதவர்கள் வேறிடத்தில் குடியேறினார்கள், சிலர் இறந்தார்கள், உயர்த்திய மனைகளில் பல காலியாகவே நின்றன. பணமும் தொழில்நுட்பமும் குறையாத நாட்டில் நடந்தது இது.

வரும் பொங்கலுக்கு வெளியூர்க்காரர்கள் நான்கு நாள் ஊரில் இருப்பார்கள். வாரிசு ஆவணங்களில் கையெழுத்து வாங்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அதற்குள் வீடு வீடான கணக்கை முடித்து, எந்தெந்தக் குடும்பத்துக்கு எந்த ஆவணம் குறைகிறது என்ற பட்டியலைத் தயார் வையுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லுங்கள்: வர முடியாதவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) சான்றொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் அனுப்பட்டும்.