தட்டு உடைப்பில் அம்மாவுக்குக் காயம், பில்லில் தெரியாத கட்டணம்: என்ன செய்யலாம்?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு வடக்கு லண்டனில் ஒரு கிரேக்க உணவகத்துக்கு எட்டுப் பேர் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கும் என் அம்மாவும் வந்தார். புசூக்கி என்ற கிரேக்க நரம்பு வாத்தியத்தின் இசை, ஆட்டம், கடைசியில் கிரேக்கக் கொண்டாட்ட வழக்கப்படி தட்டு உடைப்பு. துண்டு ஒன்று பறந்து வந்து, மேசையில் இருந்த அம்மாவின் கணுக்காலைக் கிழித்துவிட்டது, ஆறு தையல். மேனேஜர் "காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைக் காட்டினார். பில்லில் ஆளுக்கு 10 பவுண்டு நிகழ்ச்சிக் கட்டணம், 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். பதற்றத்தில் கார்டில் கட்டிவிட்டேன்.

பதில்: முதலில் அந்தப் பலகையை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், பிரிவு 65: வியாபாரி தன் கவனக்குறைவால் ஒருவருக்கு உடல் காயம் ஏற்பட்டால் அந்தப் பொறுப்பைப் பலகை வைத்தோ நிபந்தனை எழுதியோ தட்டிக்கழிக்க முடியாது. அம்மா அந்தப் பலகையைப் படித்திருந்தாலும் "ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்" என்று அதை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் ஒரு பலகையைக் காட்டிக் காயம்பட்ட வயதான பெண்ணை அனுப்பிவைக்கிறார்கள் என்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

ஆனால் காயம் பட்டதாலேயே வழக்கு வென்றுவிடாது, கவனக்குறைவை நீங்கள் காட்ட வேண்டும். வருகிறவர்கள் நியாயமான அளவு பாதுகாப்பாக இருக்கப் பார்த்துக்கொள்வது இடத்தை நடத்துகிறவரின் கடமை, இது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். உடைத்த இடத்துக்கும் உங்கள் மேசைக்கும் எவ்வளவு தூரம், இடையில் தடுப்பு இருந்ததா, எறிந்தது ஊழியரா வாடிக்கையாளரா, எல்லாவற்றுக்கும் மேலாக அது என்ன தட்டு? லேசாக நொறுங்கும்படி ப்ளாஸ்டரில் செய்த தட்டுகள் இதற்கென்றே விற்கின்றன, கிரேக்க நாட்டு இசை அரங்குகளில் பெரும்பாலும் பூவைத்தான் எறிகிறார்கள். ஆகவே வேறு வழி தெரியாது என்று இவர்கள் சொல்ல முடியாது. சாதாரணப் பீங்கான் தட்டை, ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசைக்குப் பக்கத்தில் உடைத்திருந்தால் உங்கள் பக்கம் பலமானது. அம்மா ஆடும் இடத்துக்கு எழுந்து போயிருந்தால் அவர் பங்குக்கும் கொஞ்சம் தவறு என்று தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள், அவர் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பேச்சு இங்கே எடுபடாது.

இன்றைக்கே ஒரு ஈமெயில் அனுப்புங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள், பல கடைகளில் சில வாரங்களில் பதிவு போய்விடும். அம்மா தெரியும் காட்சிகளைத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அம்மாவின் பெயரிலேயே கேளுங்கள், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். விபத்துப் பதிவேட்டில் எழுதினார்களா என்றும் கேளுங்கள். வாடிக்கையாளர் ஒருவரை அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆனால் நிர்வாகம் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டும், 2013-ஆம் ஆண்டு விதி அது. உங்கள் பகுதி உள்ளாட்சி கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கும் ஒரு புகார் போடுங்கள், உணவகங்களின் பாதுகாப்பை விசாரிப்பது அவர்கள்தான். அன்றைக்கு எடுத்த போன் வீடியோக்களை யாரும் அழிக்க வேண்டாம், பிறந்தநாள் பாட்டு வீடியோவின் பின்னணியில்கூடத் தட்டு தெரியலாம்.

அம்மாவின் விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பயத்தில்தான் நம்மவர்கள் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். விசிட் விசாவில் வந்தவருக்கும் நட்ட ஈடு கேட்கும் உரிமை முழுதாக உண்டு, கேட்டதற்காக விசாவை மறுக்க முடியாது. காலக்கெடு பொதுவாக மூன்று வருடம், ஊருக்குத் திரும்பிய பிறகும் நடத்தலாம். கவனிக்க வேண்டியது வேறொன்று: ஏ அண்ட் ஈ-யில் (ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு) போட்ட தையல் இலவசம், ஆனால் அப்புறம் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூப்பிட்டால் விசிட்டருக்குப் பில் வரும். என்எச்எஸ் (அரசு மருத்துவ சேவை) கடன் 500 பவுண்டோ அதற்கு மேலோ கட்டாமல் கிடந்தால் அடுத்த விசாவை அது பாதிக்கலாம். அப்படி வந்தால் கட்டிவிட்டு, ரசீதை நட்ட ஈட்டோடு சேர்த்துக் கேளுங்கள்.

சரி, பில். சர்வீஸ் சார்ஜ் "விருப்பப்பட்டால்" என்று அச்சாகியிருந்தால் அதைக் கட்டவேண்டிய கட்டாயமே இல்லை, திருப்பிக் கேளுங்கள். நிகழ்ச்சிக் கட்டணத்தை புக் செய்தபோதோ மெனுவிலோ காட்டினார்களா? 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய நுகர்வோர் விதிப்படி, கட்டாயக் கட்டணத்தை விலை சொல்லும்போதே சொல்ல வேண்டும், பில்லில் கொண்டுவந்து செருகக் கூடாது. காட்டியிருந்தாலும்கூட நிகழ்ச்சியைக் கவனமில்லாமல் நடத்தியதற்கு விலைக் குறைப்புக் கேட்கலாம். மறுத்தால் உங்கள் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவதை, கேளுங்கள். பில்லைக் கட்டிவிட்டு வந்தது நல்லதுதான், கட்டாமல் எழுந்து போயிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள்.

வக்கீல் வைப்பதற்கு முன் இதை யோசியுங்கள். காயத்துக்கான தொகை 1,500 பவுண்டைத் தாண்டாது என்றால் வழக்கு சிறு வழக்குப் பிரிவில் போகும், வென்றாலும் வக்கீல் கட்டணம் எதிர்த்தரப்பிடமிருந்து கிடைக்காது. "வென்றால்தான் கட்டணம்" என்பவர்கள் நட்ட ஈட்டில் 25 சதவீதம் வரை எடுக்கலாம். தழும்பு நிற்குமா, நரம்பு பட்டிருக்கிறதா என்று டாக்டர் எழுதித் தந்த பிறகு முடிவு செய்யுங்கள், அதுவரை உணவகம் நீட்டும் எந்தச் சமரசக் கடிதத்திலும் அம்மா கையெழுத்துப் போட வேண்டாம்.