செல்லின் பாகங்களைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

எட்டாவது படிக்கும் மகளுக்குப் பாகங்களின் பெயர் மனப்பாடம், வேலைதான் மண்டையில் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தை ஓரமாக வையுங்கள். முதலில் வெங்காயம்.

மும்பை தாராவியில் மாலை டியூஷன் எடுக்கிறேன். நான் தொடங்குவது அதில்தான். உள்பக்கத்து மெல்லிய தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செங்கல் அடுக்கியதுபோல் செல்சுவர் தெரியும். உட்கரு பெரும்பாலும் ஓரமாக ஒட்டியிருக்கும். ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். நடுவிலுள்ள பெரிய நீர்ப்பை, அதாவது வாக்குவோல், அதைத் தள்ளிவிடுகிறது. அந்த நீர் குறைந்தால் வெங்காயம் தொய்ந்துபோகும். பச்சையம்? வெங்காயம் வெளிச்சம் படாமல் மண்ணுக்குள் வளர்வது, அதனால் இருக்காது.

அப்புறம் கோல்கை உறுப்பு. வீட்டுச் சாப்பாட்டு டப்பாவை அலுவலகத்துக்குக் கொண்டுசேர்க்கும் எங்கள் ஊர் டப்பாவாலாவைவிட இதற்கு நல்ல உதாரணம் கிடையாது. ரைபோசோம் சமைத்த புரதத்தை வாங்கி, பக்குவப்படுத்தி, போகவேண்டிய இடத்தைக் குறித்து, சின்னப் பைகளில் அனுப்பும். டப்பா மூடியில் எழுதும் குறியீடு மாதிரி.

மைட்டோகாண்ட்ரியாவை ‘பவர் ஹவுஸ்’ என்று சொல்லி நிறுத்தாதீர்கள். ஆக்சிஜன் உதவியோடு உணவிலிருந்து ஏடிபி, அதாவது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு, செய்கிறது. தசைச் செல்லில் நிறைய, நம் முதிர்ந்த சிவப்பணுவில் ஒன்றுகூட இல்லை. கோல்கை, மைட்டோகாண்ட்ரியா இரண்டும் வெங்காயத் தோலில் பள்ளி மைக்ரோஸ்கோப்புக்குத் தெரியாது. முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அரை மணி நேரம் தேடுவார்கள்.