வாசகர் கேள்விகள்: பெட்டிக்குள் ஆறு மணி நேரம்

கேள்வி: ‘ப்ரைமர்’ என்னும் காலப்பயணப் படத்தை டிவிடியில் இரண்டு முறை பார்த்தேன். பாதிக்கு மேல் விளங்கவில்லை. குறை என்னிடமா, படத்திடமா?

பதில்: உங்களிடம் இல்லை. படத்திடம் சிறிது உண்டு. அதுவும் இயக்குநர் தெரிந்தே விட்டுவைத்த குறை. கணிதம் படித்து மென்பொருள் துறையில் பணியாற்றிய ஷேன் கரூத் இப்படத்தை எழுதி, இயக்கி, படத்தொகுப்பும் இசையமைப்பும் செய்ததோடு, இரு நாயகர்களுள் ஒருவரான ஏரனாகவும் நடித்தார். மற்றவரான ஏப் வேடத்தில் நடித்தவர் டேவிட் சல்லிவன். வழக்கமான காலப்பயணப் படத்தில் யாரேனும் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் கோடு போட்டு நமக்குப் பாடம் நடத்திவிடுவார். இங்கே அப்படி ஒருவர் இல்லை. ஒரே வேலையில் நெடுநாள் கூடியிருந்தவர்கள் பேசிக்கொள்வதைப் போல, இவ்விருவரும் பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறார்கள், ஒருவர் பேச்சை மற்றவர் மறிக்கிறார், தங்களுக்குத் தெரிந்ததை ஒருபோதும் திருப்பிச் சொல்வதில்லை.

ஆயினும் இவ்விருவரும் கட்டும் காலப்பயண இயந்திரமான பெட்டியின் விதியைப் பிடித்துக்கொண்டால் முதல் பாதி முழுவதும் தெளிந்துவிடும். ஓர் எடுத்துக்காட்டாக, பெட்டியைக் காலை 9 மணிக்கு இயக்கிவிட்டுச் சென்று, பிற்பகல் 3 மணிக்குத் திரும்பி வந்து அதற்குள் படுத்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஆறு மணி நேரம் கிடந்து வெளியே வந்தால், அப்போது காலை 9 மணியாக இருக்கும். எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போக வேண்டுமோ, அவ்வளவு நேரத்தையும் உள்ளே கழித்தே தீர வேண்டும். பெட்டி இயக்கப்பட்ட கணத்துக்கு முன்னால் எவராலும் போகவே முடியாது. இதிலிருந்து மூன்று செய்திகள் தாமாகவே கிளைக்கின்றன. அந்த ஆறு மணி நேரத்தில் உலகில் நீங்கள் இருவராக இருக்கிறீர்கள். முதலாமவர் இரண்டாமவரை எங்கும் எதிர்ப்படக் கூடாது என்பதால்தான், நாயகர்கள் பகல் முழுவதும் ஒரு விடுதி அறையில் அடைந்து கிடக்கிறார்கள். மேலும், கடிகாரம் காட்டும் ஆறு மணி நேரத்துக்கு உடம்பு பதினெட்டு மணி நேரம் வாழ்ந்துவிடுவதால், ஒரு முறை பயணம் செய்தவருக்கு ஒரு நாள் என்பது 36 மணி நேரமாகிறது. காதில் இரத்தம் கசிவதும் கையெழுத்து கோணிப்போவதும் படத்தில் எவ்வித விளக்கமும் இன்றி வந்து போகின்றன; அவற்றை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் அச்சம் கூடுகிறது.

(படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுவது நல்லது.) இரண்டாம் பாதியில் குழப்புவது அறிவியல் அன்று, நட்பில் விழுந்த விரிசல். ஏப் தன் பாதுகாப்புக்காக இன்னொரு பெட்டியை நண்பனுக்குத் தெரியாமல் முன்பே இயக்கி வைத்திருக்கிறான். ஏரனோ அதையும் கண்டறிந்து, அவனுக்கும் முன்னால் பயன்படுத்தி முடித்துவிட்டான். மூன்றாம் முறை பார்க்கும்போது, பூங்கா இருக்கையில் இருவரும் சந்திக்கும் காட்சியில் ஏரனின் காதைக் கவனியுங்கள். அதில் செருகியிருக்கும் கருவியில் அவன் கூடைப்பந்து வருணனை கேட்பதாகவே நாம் நம்புகிறோம். உண்மையில் அந்த உரையாடலை அவன் முன்பே ஒரு முறை நடத்தி, பதிவு செய்துகொண்டு வந்திருக்கிறான்; இப்போது தன் வசனத்தைத் தானே கேட்டு ஒப்பிக்கிறான். முதல் முறை பார்க்கும்போது இது நம் கண்ணில் படுவதற்கு வழியே இல்லை.

கேள்வி: படம் முழுவதும் புள்ளி புள்ளியாகவும் பச்சை படர்ந்தும் தெரிகிறது. என் வட்டில் கோளாறா?

பதில்: வட்டின்மேல் பழி போட வேண்டாம். டாலஸ் நகரையொட்டிய பகுதிகளில், ஏறத்தாழ 7,000 டாலர் செலவில், சூப்பர் 16 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்ட படம் இது. 35 மி.மீ. ஃபிலிமைக் காட்டிலும் அதன் சட்டகம், அதாவது ஒவ்வொரு படமும் பதியும் இடம், சிறியது. பெரிதாக்கும்போது ஃபிலிமில் உள்ள துகள்களும் பெரிதாகின்றன. குழல்விளக்கின் இயல்பான நிறத்தைத் திருத்தாமல் அப்படியே விட்டதால் பச்சையும் மஞ்சளும் ஏறியுள்ளன. ஃபிலிமுக்கே பணம் போதாத நிலையில், பெரும்பாலான காட்சிகளை முன்கூட்டியே வரைந்து திட்டமிட்டு ஒரே முயற்சியில் எடுத்தார்கள். வாகனக் கொட்டகையில் இருவர் ஏதோ ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும் கதைக்கு அந்த நிறம் பொருந்தவே செய்கிறது என்பது என் எண்ணம். தொலைக்காட்சியில் ‘கூர்மை’ என்னும் அமைப்பை ஏற்றி வைத்திருந்தால் குறைத்துவிடுங்கள். அது துகள்களைத்தான் கூர்மையாக்கும்.

கேள்வி: படத்தின் நீளம் 77 நிமிடம் என்று படித்தேன். வேறு நாட்டில் வாங்கிய டிவிடிகளில் ஒரே படம் சில நிமிடம் குறைந்து காணப்படுவது ஏன்? காட்சிகளை வெட்டிவிடுகிறார்களா?

பதில்: பெரும்பாலும் வெட்டு இல்லை. திரைப்படம் விநாடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. ‘பால்’ (PAL) என்னும் தொலைக்காட்சி முறையைப் பின்பற்றும் நாடுகளின் டிவிடியில் அது பொதுவாக 25 சட்டகங்களாக ஓடுமாறு சற்றே விரைவுபடுத்தப்படுகிறது. அக்கணக்கில் 77 நிமிடப் படம் ஏறத்தாழ 74 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலின் சுருதியைத் தனியே சரிசெய்யாவிட்டால் அதுவும் சிறிது உயரும். ப்ளூ-ரேயில் 24 சட்டகங்களாகவே பதிய இயலும் என்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

கேள்வி: இணையத்தில் இப்படத்துக்கு வரைபடம் வரைபடமாக விளக்கங்கள் கிடைக்கும்போது, வட்டை வாங்கி வைத்திருப்பதில் பயன் உண்டா?

பதில்: உண்டு என்பேன். 2004ஆம் ஆண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும்பரிசைப் பெற்றபோதும், அமெரிக்கத் திரையரங்குகளில் இப்படம் ஈட்டியது நான்கு லட்சம் டாலருக்குச் சற்று மேல்தான். மறு ஆண்டு ஏப்ரலில் டிவிடியாக வந்த பிறகுதான், நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, ஒரே வசனத்தை நான்கு முறை கேட்கும் பார்வையாளர் அதற்குக் கிடைத்தார். அவ்வட்டில், படம் ஓடும்போதே அதை எடுத்தவர்கள் பேசும் விளக்கவுரைத் தடங்கள் இரண்டு உள்ளன: ஒன்றில் கரூத் தனியே பேசுகிறார், மற்றொன்றில் நடிகர்களும் படக்குழுவினரும் உடன் சேர்கிறார்கள். தனியே பேசுவதை முதலில் கேளுங்கள். ஆனால் படத்தைக் குறைந்தது இரண்டு முறை பார்த்த பிறகு.

வரைபடங்களைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. அவை யார் எந்தப் பெட்டியில் எப்போது ஏறினார் என்பதைச் சொல்கின்றன. ஏரன் ஏன் பொய் சொன்னான் என்பதைச் சொல்வதில்லை. விளக்கம் கூடினால் படம் மெலியும் என்பதற்கு ‘டோனி டார்க்கோ’ சான்று. 2001இல் திரையரங்குகளில் கவனிப்பாரின்றிப் போய், வீட்டுத் திரையில் மறுவாழ்வு பெற்ற அப்படத்துக்கு 2004இல் இயக்குநரின் பதிப்பு வந்தது. சுமார் இருபது நிமிடம் நீண்ட அப்பதிப்பில், கதைக்குள் வரும் காலப்பயண நூலின் பக்கங்களே திரையில் காட்டப்படுகின்றன. ஐயங்கள் தீர்ந்தன, அவற்றோடு அதன் நாயகனான சிறுவனைச் சூழ்ந்திருந்த மர்மமும் போயிற்று. இரண்டு பதிப்பும் கிடைத்தால் பழையதையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: இதே தரத்தில் இன்னொரு காலப்பயணப் படம்?

பதில்: கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’, 1962. நீளம் 28 நிமிடம். ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்களால் ஆனது. ஒரே ஓர் இடத்தில் மட்டும், உறங்கும் பெண் கண் திறந்து இமைக்கிறாள். 1995இல் வந்த ‘12 மங்கீஸ்’ இதிலிருந்து கிளைத்ததே. அதைப் பார்த்துவிட்டவர்களும் இந்தச் சிறுபடத்தைத் தேடிப் பார்க்கலாம். முடிவு தெரிந்திருப்பது அந்த இமைப்பை எவ்வகையிலும் கெடுக்காது.