மகள் மருத்துவம் வேண்டாம் என்கிறாள்: ஒரு தாய்க்கு என் பதில்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மகள் மருத்துவம் வேண்டாம் என்று பிடிவாதமாக நிற்கிறாள், செல்லுக்குள் புரதங்கள் எப்படி நகர்கின்றன என்று படிக்கப்போவதாகச் சொல்கிறாள், அவளுடைய பெரியப்பா "அதைப் படித்து யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டு வீட்டையே கலங்கடித்துவிட்டார், உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. பதறாதீர்கள். அவள் கேட்பது கனவு உலகம் இல்லை. படிப்பும் உண்டு, வேலையும் உண்டு.

சரி, ஆறுதல் இதோடு போதும். கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "வீட்டை அடமானம் வைத்தாவது கட்டணம் கட்டிவிடுகிறோம், நீங்கள் பேசி எப்படியாவது மருத்துவத்துக்குச் சம்மதிக்க வையுங்கள்." அதை நான் செய்ய மாட்டேன். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வலியைக் கேட்டு, அன்றைக்கே ஒரு முடிவெடுக்க விரும்புகிற பிள்ளைக்கு மருத்துவம் நல்ல படிப்பு. உங்கள் மகள் அப்படிப்பட்டவள் இல்லை என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "மருத்துவமனை வாசலிலேயே முகம் சுருங்கிவிடும்" என்றது உங்கள் வார்த்தைதான். கூச்சம் என்றால் பழகப்பழகப் போய்விடும். ஆனால் பல வருடப் படிப்பையும் தலைமேல் ஒரு கடனையும் வைத்து அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கட்டணத்தைப் பெரியப்பா கட்டப்போவதில்லை. இரவுப் பணிக்கும் அவர் போகப்போவதில்லை.

"இப்படித்தான் நேரத்தை வீணாக்குகிறாள்" என்று அவளுடைய நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் அனுப்பியிருந்தீர்கள். அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் கிடைத்த ஒரு காணொளியைப் பார்த்து, ஒவ்வொரு செல்லுக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் உட்கரு எந்த நிமிடத்தில் ஒளிர்ந்தது, எப்போது மங்கியது, எப்போது செல் இரண்டாகப் பிரிந்தது என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். ஓரத்தில் பென்சிலால், "7-ஆம் செல் மட்டும் ஏன் பிரியவில்லை?" அம்மா, இந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறவர்கள் காலையில் வந்து கேட்கும் கேள்வி இது.

பெரியப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஒரு செல் பிரிய வேண்டுமா என்பதை அது தானாக மட்டும் முடிவு செய்வதில்லை. வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி என்ற தூண்டும் புரதம் வந்து, செல்லின் மேல்பரப்பில் செய்தியை வாங்கும் ஏற்பியில் ஒட்டுகிறது. அந்தச் செய்தி உள்ளே ராஸ், ராஃப், மெக் என்ற புரதங்கள் வழியாகக் கைமாறி, ஈ.ஆர்.கே. என்ற புரதத்துக்கு வந்து சேர்கிறது. சும்மா இருக்கும்போது ஈ.ஆர்.கே. பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியே, மெக்குடன் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மெக் அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றியதும் விடுபட்டு, சில நிமிடங்களில் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களைத் தூண்டுகிறது. அப்புறம் சைக்ளின் டி என்ற புரதம் உருவாகி, சி.டி.கே. 4, 6 நொதிகளோடு சேர்ந்து, ஆர்.பி. என்ற தடையைத் தளர்த்துகிறது. செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

இதில் எவ்வளவு புரதம் என்பதைப் போலவே எங்கே, எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து எடுத்த பி.சி.12 என்ற செல்வகை இதற்குப் பேர்போனது. மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் ஈ.ஆர்.கே. கொஞ்ச நேரம் கிளர்ந்து அடங்கிவிடும், செல்கள் பெருகும். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் அதே ஈ.ஆர்.கே. மணிக்கணக்கில் கிளர்ந்த நிலையிலேயே இருந்து உட்கருவிலும் தங்கிவிடும். செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டு நரம்புச் செல்களைப் போல நீண்ட இழைகளை விடும். புரதம் ஒன்றுதான், விளைவு நேர்மாறு. இந்த இரண்டு காரணிகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஸ்டான்லி கோஹனுக்கும் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் செல்களில் யாப் என்ற புரதம் உட்கருவுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது, பிரிதலும் குறைகிறது. பக்கத்தில் இடம் கிடைத்தால் அது உள்ளே போகிறது, பிரிதல் தொடங்குகிறது.

யாருக்குப் பயன் என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. செலினெக்சர் என்ற மருந்து, உட்கருவிலிருந்து புரதங்களை வெளியேற்றும் எக்ஸ்.பி.ஓ.1 என்ற கடத்தியை அடைக்கிறது. கட்டியைத் தடுக்கும் பி53 போன்ற புரதங்கள் வெளியே தள்ளப்படாமல் உள்ளேயே தங்கி வேலை செய்கின்றன. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2019-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. சி.டி.கே. 4, 6 நொதிகளைத் தடுக்கும் பால்போசிக்ளிப் என்ற மருந்து 2015-ல் மார்பகப் புற்றுநோய்க்கு வந்தது. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குப் பின்னால் இப்படிச் செல்லுக்குள் உற்றுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி வழி. பயோடெக், மருந்தியல், ஆய்வகத் தொழில்நுட்பம் ஆகியவற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் சொல்லப்போவதில்லை. உயிர்ப்பட ஆய்வு என்று ஒரு வேலை இருக்கிறது. நுண்ணோக்கி எடுத்த படங்களிலிருந்து நம்பத்தகுந்த எண்களைப் பிரித்தெடுப்பதுதான் அந்த வேலை. உயிரியலாளர்கள் பலருக்கு நிரல் எழுத வராது. நிரல் எழுதுகிற பலருக்குச் செல் என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டிலும் கால் வைத்தவர்கள் குறைவு.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஜெல்லிமீனிலிருந்து ஜப்பானிய அறிவியலாளர் ஷிமோமுரா 1962-ல் பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதத்தை இன்று எந்தப் புரதத்தோடும் மரபணு வழியாக இணைத்து, அது போகிற இடத்தை உயிருள்ள செல்லிலேயே பார்க்கலாம். 2014-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க்கஸ் கவர்ட்டின் குழு ஒருபடி மேலே போனது. ஈ.ஆர்.கே. போன்ற நொதி கிளர்ந்தால் தாமே உட்கருவை விட்டு வெளியேறவும், அடங்கினால் உள்ளே திரும்பவும் செய்யும் ஒளிர்காட்டிகளை அவர்கள் உருவாக்கினார்கள். உள்ளே எவ்வளவு ஒளி, வெளியே எவ்வளவு ஒளி என்று வகுத்துப் பார்த்தால் அந்த நொடியில் அந்தச் செல் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேட்க எளிது. செய்துபார்த்தால்தான் சிக்கல் தெரியும். 5 நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் 48 மணி நேரம் எடுத்தால் ஓர் இடத்துக்கு 576 படங்கள். 60 இடங்கள், இரண்டு நிறங்கள் என்றால் 69,120 படங்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான செல்கள். முதலில் ஒவ்வொரு உட்கருவின் எல்லையையும் கணினி வரைய வேண்டும். ஒட்டி நிற்கும் இரண்டை ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. பிறகு ஒரு செல்லைப் படத்துக்குப் படம் தொடர வேண்டும். அது பிரியும்போது இரண்டு மகள் செல்களையும் தாயோடு சரியாக இணைக்க வேண்டும். ஒளிபட்டு நிறம் மங்கிக்கொண்டே போகும். அதைத் திருத்த வேண்டும். ஒளியைக் கூட்டினால் செல்லுக்கே காயம்பட்டுப் பிரிதல் நின்றுவிடும். ஆகவே சோதனை தொடங்குவதற்கு முன்பே படங்களை ஆய்பவரிடம் கேட்டுத்தான் ஒளியின் அளவை வைப்பார்கள். ஆயிரக்கணக்கான செல்களை ஒன்றாக அரைத்து சராசரி பார்க்கும் பழைய முறையில் வழவழப்பான ஒரு கோடுதான் கிடைக்கும். ஒவ்வொரு செல்லிலும் ஈ.ஆர்.கே. துடிப்பு துடிப்பாக வந்து போவதும், பக்கத்துச் செல் வேறு தாளத்தில் இருப்பதும் இப்படித் தனித்தனியாகத் தொடர்ந்தால்தான் தெரியும்.

இதற்கான கருவிகளில் முக்கியமானவை இலவசம். இமேஜ்-ஜே, அதன் விரிந்த வடிவமான ஃபிஜி, செல்புரொஃபைலர், செல்போஸ், பைத்தான் நிரல்மொழியில் இயங்கும் நப்பாரி எல்லாமே. பயிற்சிக்குப் படங்களும் இலவசம். அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனத்தின் உயிர்ப்படத் தொகுப்பு இருக்கிறது, செல்களைத் தொடர்வதற்கென்றே நடத்தப்படும் செல் டிராக்கிங் சேலஞ்ச் என்ற போட்டியின் காணொளிகள் இருக்கின்றன. வீட்டில் ஒரு சாதாரணக் கணினி போதும். விடுமுறையில் அவள் ஒரு காணொளியை எடுத்து, உட்கருக்களை எல்லை பிரித்து, ஒரே ஒரு செல்லின் ஒளியை நேரத்துக்கு எதிராக வரைந்து பார்க்கட்டும். நிரல் பத்து தடவை உடைந்தும் எழுந்து போகாமல் இருந்தாள் என்றால் கவலையை விடுங்கள். வெறுத்துவிட்டாள் என்றால் அதுவும் நல்லதே, ஒரு காசும் செலவாகவில்லை.

பட்டப்படிப்புக்கு உயிரியலோடு கணிதமோ கணினியோ, இயற்பியலோ சேர்த்துப் படிக்க இடம் தரும் சாதாரண அறிவியல் படிப்பு போதும். பெயரில் "செயற்கை நுண்ணறிவு" என்று ஒட்டிவைத்து இரட்டிப்புக் கட்டணம் கேட்கும் படிப்புகள் பக்கமே போகாதீர்கள். இதற்குக் கடன் வாங்கியே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முனைவர் பட்டம்வரை போனால் உதவித்தொகையோடு வரும் இடத்தை மட்டும் ஏற்கட்டும். தன் பணம் கட்டி அறிவியலில் முனைவர் பட்டம் செய்வதை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைப்பதில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகங்களின் நுண்ணோக்கி மையங்களில் இந்த வேலைகள் பெரும்பாலும் ஆய்வு நிதியை நம்பி நடக்கும் ஒப்பந்தப் பணிகள். தொடக்கச் சம்பளம் மருத்துவரின் சம்பளத்தோடு ஒப்பிடும்படி இருக்காது. ஆனால் கைத்தொழில் அவளோடு இருக்கும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான மருந்து மூலக்கூறுகளைச் செல்களில் சோதிக்கும் மருந்து நிறுவனங்களுக்கும், திசுத்தகடுகளைக் கணினியில் படிக்கும் நோயியல் ஆய்வகங்களுக்கும், நுண்ணோக்கி மென்பொருள் செய்கிறவர்களுக்கும் இதே திறமைதான் தேவை.

சேர்க்கைக்குப் போகும்போது அவளையே கேட்கவிடுங்கள். ஒளிர் நுண்ணோக்கியை இளநிலை மாணவர்கள் தொட்டு இயக்க விடுவார்களா, எந்த ஆண்டில்? படப் பகுப்பாய்வு தெரிந்த ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா? போன ஆண்டு மாணவர் யாராவது செய்த திட்டப்பணியைக் காட்ட முடியுமா? ஆய்வகத்தைப் பார்க்க அனுமதிக்காமல் விளக்கக் கையேட்டை மட்டும் நீட்டினார்கள் என்றால், முன்பணம் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.