கிளீன் ரூம் என்பது நன்றாகத் துடைத்து வைத்த அறைதானா?

இல்லை. கணினி சிப், ஊசி மருந்து போன்றவற்றைத் தயாரிக்கும் தனி அறை அது. துடைத்தால் தரை சுத்தமாகும், காற்று சுத்தமாகாது. கிளீன் ரூமில் முதலில் கட்டுப்படுத்துவது காற்றில் மிதக்கும் துகள்களைத்தான். ஐஎஸ்ஓ 14644-1 என்ற சர்வதேசத் தரநிலைப்படி, தூய்மையில் 'ஐஎஸ்ஓ 5' என வகைப்படுத்தப்பட்ட கிளீன் ரூமில், ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது. தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான்!

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் இயற்பியலாளர் வில்லிஸ் விட்ஃபீல்ட் இதற்குக் கண்ட வழி அழகானது. மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி வழியாக வரும் காற்றை ஒரே திசையில், சீராக, இடைவிடாமல் ஓட விட்டார். கிளம்பும் தூசியை அந்த ஓட்டமே அள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம், உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகமாக இருக்கும். கதவைத் திறந்தாலும் காற்று வெளியேதான் பாயும். (ஆபத்தான கிருமிகளைக் கையாளும் அறைகளில் இது தலைகீழ்.)

சரி, இவ்வளவு செய்தும் அழுக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம்மிடமிருந்துதான்: தோல் செதில், முடி, துணியின் நூலிழை, பேசும்போது தெறிக்கும் எச்சில். கிளீன் ரூமுக்குள் போகிறவர்கள் அணியும், உடல் முழுவதும் மூடும் உடை நம்மைக் காக்க அல்ல. சிப்பையும் ஊசி மருந்தையும் நம்மிடமிருந்து காக்க. வேகமாக நடந்தாலே துகள்கள் கூடும் என்பதால் உள்ளே நிதானமாக நடக்கச் சொல்வார்கள். துகள் உதிர்க்கும் பென்சிலுக்கும் சாதாரண அட்டைப்பெட்டிக்கும் அங்கே இடமில்லை.