ஸ்லாப் ஏறிவிட்டது, சாவி எங்கே?

கேள்வி: சோழிங்கநல்லூர் பக்கம் 18 மாடிக் குடியிருப்பில் ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். கடைசி ஸ்லாப் (மேல்தளக் கான்கிரீட்) போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, சாவி வரவில்லை. கேட்டால் மழை, ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: பாதி நம்பலாம். வடகிழக்குப் பருவமழையில் அடித்தளப் பள்ளம் குளமாகிவிடும், இரவு பகலாகப் பம்ப் ஓட்டினாலும் வேலை நகராது. ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போன வடமாநில ஆட்கள் சொன்ன தேதியில் திரும்புவதும் இல்லை. ஆனால் சென்னையில் அக்டோபர் வந்தால் மழை வரும் என்று தெரியாமலா தேதி எழுதிக் கொடுத்தார்கள்? தவிர, உங்கள் கட்டடம் பள்ளத்தைத் தாண்டி எப்போதோ மேலே போய்விட்டது.

எனக்கு சந்தேகம் பணத்தின் மேல்தான். நீங்களும் வங்கியும் ஸ்லாப்புக்கு ஸ்லாப் தவணை கொடுத்திருப்பீர்கள், அதனால் ஸ்லாப் மட்டும் மளமளவென்று ஏறும். கடைசி ஸ்லாப் விழும்போது விலையில் பெரும்பகுதி கைமாறியிருக்கும். மிச்சம் இருப்பதோ பூச்சு, ஒயரிங், லிஃப்ட், தீயணைப்புக் குழாய் என்று செலவு பிடிக்கிற, ஒன்றுக்காக இன்னொன்று காத்துக்கிடக்கிற வேலைகள். வந்த பணம் அதற்குள் வேறொரு மனைக்கு அட்வான்ஸாகப் போயிருந்தால் அவ்வளவுதான். இதைத் தடுக்கத்தான் 2016ஆம் ஆண்டின் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்த நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்கச் சொல்கிறது.

அப்புறம் காகிதம். 18.30 மீட்டரைத் தாண்டினால் தமிழ்நாட்டு விதிகளில் அது உயர்மாடிக் கட்டடம். தீயணைப்புத் துறையின் சான்று, சி.எம்.டி.ஏ. எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பணி நிறைவுச் சான்றிதழ் என்று வரிசை நீளும். அனுமதி வாங்கிய வரைபடத்தை மீறிக் கட்டியிருந்தால் சான்றிதழ் நிற்கும், கூடவே கரன்ட் இணைப்பும்.

ஒப்பந்தத்தில் உள்ள தேதியையும் ரெரா இணையதளத்தில் பதிந்த தேதியையும் எடுத்துப் பாருங்கள். தாண்டியிருந்தால், 18ஆம் பிரிவின்படி பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம்; இல்லை, வீடுதான் வேண்டும் என்றால் சாவி வரும்வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்றவற்றுக்குச் சட்டம் அவகாசம் தருகிறது. வழக்கமான மழை அந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி: உலகத்தில் ரொம்ப நாள் இழுத்த உயரக் கட்டடம் எது?
– வாசகர், திருநகர்

பதில்: எனக்குத் தெரிந்து வடகொரியாவின் ரியுக்யோங் ஹோட்டல். 105 மாடி, 330 மீட்டர். 1987இல் தொடங்கினார்கள், 1992இல் பணமில்லாமல் நின்றது, 16 வருடம் வெறும் கான்கிரீட்டாகவே நின்றுவிட்டு 2008இல் மறுபடி வேலை ஆரம்பித்து, கண்ணாடியெல்லாம் பதித்துவிட்டார்கள். ரூம் மட்டும் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.